அழுக்குத் தெரிகிற தரை

இன்னும் அரைமணி நேரந்தானுங்ணா என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கார மணிவேல் வேனின் கூரைமேல் ஏறினான். ஏறிய கையோடு டங் டங்கென்று தண்ணீர்த் தொட்டிக்குப் பட்டை அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வோர் அடியும் கீழே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனின் உச்சந்தலையில் வந்து விழுந்தது. அரைமணி நேரம். அதற்கப்புறம் சாவியைத் திருகியாக வேண்டும், வேறு வழியில்லை. கரூரிலிருந்து வீடு இருக்கிற வெள்ளகோயிலுக்கு நாற்பது கிலோமீட்டர். ஊரை விட்டு வெளியேறுகிற இடத்தில் அந்த ரயில்வே கேட். கேட்டை நினைக்கக் கூடாது. கேட்டைத் தாண்டினால் நேர்ரோடு, இருபுறமும் வேலாமரம், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு என்ன, முப்பது வருசம் மாடு ஏற்றிய வண்டியை அவர் ஓட்டிப்போகாத ரோடா? அந்தியூர், மணப்பாறை, கேரளத்து எல்லை வரைக்கும் இந்தக் கால் மிதித்த மிதி எத்தனை! இந்தக் கால். வலது கால். அது இப்போது எங்கே இருக்கிறது? முழங்கால் வரைக்கும் தெரிகிறது, ஆடுசதை வரைக்கும் ஏதோ மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனம் தெரிகிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் விட்ட கயிறு பாதியில் அறுந்தால் எப்படி, மேலே பிடித்திருக்கிற கைக்கு வெறும் லேசு மட்டும் தெரியுமே, அப்படி. குனிந்து பார்த்தால் கால் இருக்கும். குனிந்து பார்ப்பதில்லை என்றுதான் இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டியிருந்தார். கண் சொன்னதைக் கால் சொன்னதாக நினைத்துக்கொண்டு ஏமாறுவதற்கு அவர் என்ன நேற்றுச் சந்தைக்கு வந்தவனா?

டங். டங். தொட்டி நூறு லிட்டர் பிடிக்கும். நூறு லிட்டரை என்ன பண்ணப் போறே புள்ளே, குளிக்கவா போறே என்று கேட்டதற்குத் துளசிமணி சொன்னாள்: "குளிக்கத்தானுங்க போறேன். ஊரான் பாத்ரூமுக்கு நானு போறதில்லீன்னு உங்களுக்குத் தெரியாதுங்ளா?" தெரியும். கல்யாணமான வருசம் பழனிக்குக் கூட்டிப்போய் ஒரு விடுதியில் தங்கவைத்தார். விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மெத்தையில் மூட்டைப்பூச்சி. அதோடு சரி. முப்பத்தெட்டு வருசம் அவர் ஊர் ஊராகச் சுற்றினார், அவள் மாட்டுக்கொட்டாயை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கவில்லை. போன சித்திரையில் மாட்டுத் தரகுத் தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்ததும், எங்காச்சும் போலாம் புள்ளே, வாயைத் திறந்து கேளு என்றார். அவளும் கேட்டாள். தஞ்சாவூர்ப் பக்கம் நட்ட வயல் பார்க்க வேண்டுமாம். கண்ணுக்கு எட்டுகிற தூரமெல்லாம் பச்சையாம், தொலைக்காட்சியில் காட்டினார்களாம், சோளத்தட்டையும் கொழுக்கட்டைப் புல்லும் பார்த்தே கண் காய்ந்துபோயிற்றாம். வயலுக்கு நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி தவளைச் சத்தம் கேட்டபடி படுக்க வேண்டும். ஆனால் விடுதி ஆகாது. "நம்ம வூட்டைத் தூக்கியாந்து வெச்ச மாதிரி ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, வர்றேன்." அதை அவள் மறுப்புக்குத்தான் சொன்னாள். அவர் அதை விலை என்று எடுத்துக்கொண்டார். விலை என்று ஒன்று வந்துவிட்டால் முடிக்காமல் விடுகிற ஆளா? பதினெட்டு வருசப் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை, டயரை உதைத்து, இன்ஜினை மோந்து பார்த்து, இதெல்லாம் ஒரு வண்டியா இரும்புக்குப் போடறதுதான என்று விற்றவனையே நம்பவைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்தாயிற்று. உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்த பலகையெல்லாம் பிடுங்கியாயிற்று. பெட்டிக் கட்டில், அதற்கடியில் அரிசிக்கும் பாத்திரத்துக்கும் அறை, ஒற்றை அடுப்பு, அஞ்சு கிலோ சிலிண்டர் நிற்க வளையம், ஜன்னலுக்குக் கொசுவலை, அவளுடைய பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் திரை. வண்டிக்குள்ளேயே முன்னாலிருந்து பின்னால் நடந்துபோக நடுத்தடுப்பையும் வெட்டித் திறந்தாயிற்று. தரைக்கு மட்டும் அவர் கரும்பழுப்பு விரிப்பு எடுத்தார், அழுக்குத் தெரியாது என்று. அவள் விடவில்லை. கடைக்காரன் முன்னாலேயே, "அழுக்குத் தெரியோணுமுங்க. தெரிஞ்சாத்தான கூட்ட முடியும்?" என்று சொல்லிவிட்டு அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். காலையில் வந்திறங்கியதும் பின்கதவுக்குக் கீழே தேங்காய்நார் மிதியடி ஒன்றைப் போட்டுவிட்டு முதல் சட்டம் போட்டாள்: "செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்க. வூட்டுக்குள்ள எவனாச்சும் செருப்போட போவானா?" இது வண்டி புள்ளே என்றார். "வூடுன்னுதான சொல்லி என்னயக் கூட்டியாந்தீங்க?" பேரத்தில் அவரை வாயடைக்கச் செய்கிற ஒரே ஆள். கழற்றிப்போட்டுவிட்டு, வெறுங்காலோடு அடுப்பைத் தாண்டி நடந்து முன்னிருக்கைக்கு வந்தார். வாசலில் கழற்றுகிற செருப்பு பரவாயில்லை. தானாகக் கழன்று விழுகிற செருப்புத்தான் ஆகாது.

அது ஆவணி மாதம். பேங்கு வாசல் படி ஏறி, வரிசையில் நின்று, சீட்டு எழுதி முடித்துத் திரும்பும்போது ஒருத்தன் கூப்பிட்டான். ஐயா, உங்க செருப்பு ஒண்ணு ரோட்டுல கெடக்குதுங்க. குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்கால். நடுரோட்டிலிருந்து கவுண்டர் வரைக்கும், ஐம்பது அடி, வெயிலில் காய்ந்த தார்மேல் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தெரியும்டா, வேணும்னுதான் வுட்டேன், உன்ற சோலியப் பாரு என்று அவன்மேல் எரிந்து விழுந்தார். ஏன் விழுந்தார்? பயம் வந்தால் அவருக்கு வாய் முந்திக்கொள்ளும், அது சின்ன வயதிலிருந்தே. பதிமூன்று வயதில் சந்தையில் மாடு மிதித்தபோதுகூட அழவில்லை, மாட்டுக்காரனைத்தான் வைதார். அப்புறம் டாக்டர். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில், காலைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று அந்தச் சின்ன வயசு டாக்டர் நரம்பு மாதிரி ஒரு நூலை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்குங்க, நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க என்றார். கண்ணை மூடினார். இருட்டு. ஒன்றும் வரவில்லை. ஆனால் டாக்டர் ஒவ்வொரு தடவை குனியும்போதும் மூக்கால் ஒரு மூச்சு விட்டார், சட்டைக் கை மேசையில் உரசியது. எதிராளி மூச்சை வைத்தே மனசில் இருக்கிற தொகையைச் சொல்கிறவருக்கு இது ஒரு பாடா? மூச்சு கேட்டால் ம்ம் என்றார். சட்டை உரசினால் ம்ம் என்றார். பத்துக்கு ஏழோ எட்டோ தேறிவிட்டார். பரவாயில்லைங்க, ஆனா கவனமா இருங்க, வண்டி கிண்டி ஓட்டறீங்களா என்று கேட்டார் டாக்டர். இல்லீங்க, இந்த வயசுல எங்கீங்க என்றார் சென்னியப்பன். வெளியே வந்து படியில் நின்றார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. யாரை ஜெயித்தோம் என்று அப்புறம் தோன்றியது.

டங். டங். ஒரு நிமிசம் நின்றது. "அக்கா, அந்த ஸ்பேனரை எடுத்துக் குடுங்க, பெரிசு, அதில்லீங்க, அதுக்குப் பக்கத்துல" என்று மேலிருந்து மணிவேலின் குரல். "எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குது, இதுல பெரிசென்ன சிறுசென்ன, எட்டிப் புடிங்க" என்று கீழிருந்து துளசிமணியின் குரல். சிரிக்கிறாள். அவள் சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பக்கத்தில் நின்ற பஸ்ஸுக்கு யாரோ சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த நெடி ஜன்னல் வழியே வந்து தொண்டையில் உட்கார்ந்தது. சிவப்பு. கேட்டில் அந்தப் பொம்பளையின் ஸ்கூட்டரும் சிவப்புத்தான். நினைக்கக் கூடாதென்றால் அதுதானே முதலில் வந்து நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால், வேனை இந்தப் பட்டறையில் விடுவதற்காக ஒற்றையாளாக ஓட்டி வந்தார். கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு சிவப்பு ஸ்கூட்டர், பின்னால் பால்கேன் கட்டியிருந்தது, ஓட்டியவளின் முதுகில் வேர்வை ஈரம்கூடத் தெரிந்தது. மெதுவாக வந்து பிரேக்கை மிதித்தார். மிதித்தாரா? மிதித்தார், மிதித்ததாகத்தான் தெரிந்தது. வண்டி நிற்பதற்குப் பதிலாக உறுமிக்கொண்டு ஒரு தாவு தாவியது. பால்கேன் அவர் கண்ணை நோக்கி வந்தது. எப்படியோ கையால் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தார், வண்டி குலுங்கி, இருமி, அணைந்தது. ஒரு சாண். பால்கேனுக்கும் வேனுக்கும் ஒரு சாண். காலைக் கண்ணால் தேடிப் பார்த்தபோது அது ஓரத்து மிதியின்மேல், ஆக்சிலேட்டரின்மேல், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்புறம் செய்ததுதான் மன்னிக்க முடியாத காரியம். கதவைத் திறந்துகொண்டு இறங்கி அவளைப் பார்த்துக் கத்தினார். ரோட்டுல நிக்கற லட்சணமா இது, ஓரமா நிக்கத் தெரியாதா, செத்துத் தொலையறதுக்கு என்ற வண்டிதான் கெடைச்சுதா என்றெல்லாம் கத்தினார். அவள் வெலவெலத்துப்போய் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே, "மன்னிச்சுக்குங்ணா, பாக்கலீங்ணா" என்றாள். மன்னிச்சுக்குங்ணா. ஒரு சாண் இடைவெளியில் பிழைத்தவள், கொல்ல வந்தவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். மூன்று வாரமாகச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்த வார்த்தை வருகிறது. அவள் திருப்பி நாலு வார்த்தை வைதிருந்தால் அன்றைக்கே தொலைந்திருக்கும். அவள் முகம் மறந்துவிட்டது, முதுகுதான் ஞாபகமிருக்கிறது, அந்த ஈரம். நேற்று ராத்திரிக் கனவில் அந்த முதுகில் துளசிமணியின் ரவிக்கை இருந்தது.

சரி, நேரம் போகிறது. சோதித்துப் பார்த்துவிடலாம். எதையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்கினவரா அவர்? மூன்று மிதி. இடதுகால் கிளட்சுக்கு, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நடுவில் பிரேக். வலக்கோடியில் ஆக்சிலேட்டர். சாவி இடுப்புத் துண்டில் முடிந்திருக்கிறது, இன்ஜின் தூங்குகிறது, பயமில்லை. சென்னியப்பன் கண்ணை மூடினார். நேர்மையான சோதனை, டாக்டருக்குக் காட்டியது மாதிரி இல்லை, இங்கே மூச்சு விட ஆள் இல்லை. முழங்காலைத் தூக்கி, கோடியிலிருந்து உள்பக்கமாக நகர்த்தி, இறக்கினார். ஏதோ தடுத்தது. தடுத்தது தொடையில் தெரிந்தது. அமுக்கினார். கீழே போயிற்று. விட்டார். மேலே வந்தது. இதுதான். ஒன்று. மறுபடி காலைக் கோடிக்குக் கொண்டுபோய், உள்ளே நகர்த்தி, இறக்கி, அமுக்கி, இரண்டு. அட, மணிவேல் பிரேக்கை நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். போன தடவை உலக்கையை மிதிப்பது மாதிரி இருந்தது, இப்போது வெண்ணெய். மூன்று. நாலு. "ஏனுங்க, தூங்கறீங்களா?" திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே துளசிமணி, முந்தானையை இடுப்பில் செருகி, முழங்கைவரை ஈரமாக, தொட்டிக்குள் போடக் கழுவிய வெட்டிவேர்க் கட்டோடு நின்றாள். "தூங்கறதாவது. பிரேக்கைப் பழகிட்டிருக்கேன். வெளியூர் போற வண்டி கைக்கு அடங்கோணுமல்ல?" என்றார். "கைக்குங்ளா, காலுக்குங்ளா?" என்றாள் அவள். தெரிந்துதான் கேட்கிறாளா? இல்லை, அவள் எப்போதும் இப்படித்தான் பேசுவாள், பேச்சில் ஒரு கொக்கி இருக்கும், அவ்வளவுதான். "போ புள்ளே, வேலையப் பாரு." "பாக்கறேன், பாக்கறேன். நட்ட வயலைக் காட்டறதுக்கு முன்னால வண்டிய வயலுக்குள்ள வுட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தமாசு. தமாசுதான். அஞ்சு. ஆறு. கண்ணை மூடியபடி இருபதுவரை எண்ணினார். இருபதுக்கு இருபது, ஒரு தடவைகூடத் தவறவில்லை. பத்தாவதிலிருந்தே காலில் ஏதோ உணர்வு திரும்புகிற மாதிரிகூட இருந்தது, லேசாக ஒரு சூடு, ஒரு பிசுபிசுப்பு. இரத்தம் ஓடுகிறது போலிருக்கிறது. உட்கார்ந்தே கிடந்ததால்தான் மரத்துப்போயிருக்கும். எல்லாம் மனப்பிராந்தி. சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் என்ன ஆகும்? சொன்னால் அந்தப் பச்சை அவ்வளவுதான். கூலிக்கு ஒரு டிரைவரை வைக்கலாமே என்பார்கள். ஊரான் பாத்ரூமுக்கே போகாதவள் ஊரான் ஒருத்தன் முன்சீட்டில் படுத்திருக்க, பின்னால் தூங்குவாளா? வேண்டாமுங்க, வூட்டுக்குப் போலாம் என்பாள். சிரிப்பும் போய்விடும். வேன் கொட்டாயோரம் நிற்கும், அதன்மேல் கோழி படுக்கும், அதைப் பார்த்துக்கொண்டு இவர் படுத்திருப்பார்.

ஆனால் அந்தக் காளை. இத்தனை வருசம் கழித்து அது எதற்கு இப்போது வந்து நிற்கிறது? கண்ணபுரம் சந்தை, சித்திரை, மயிலைக் காளை. பல் சுத்தம், சுழி சுத்தம், கொம்பு பார்த்தால் படம் எழுதலாம். முன்னங்கால் குளம்பு ஒன்றில் மட்டும் உயிர் இல்லை. தார்க்குச்சியால் குத்தினாலும் இழுக்காது. அவருக்குத் தெரியும், விற்கக் கொடுத்தவனுக்கும் தெரியும். காளையை வைக்கோல் பரப்பி நிறுத்தினார், மெத்தென்ற மண்ணில் மட்டும் நடத்திக் காட்டினார். வேடசந்தூர்க்காரர் ஒருத்தர் வந்தார், நல்ல மனுசன். துண்டைப் போட்டு மூடிக் கையைப் பிடித்து விரலை அமுக்கிப் பேசிய பேரம், வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, துண்டுக்கடியில் முடிந்ததைத் துண்டுக்கு வெளியே பேசக் கூடாது, அது சந்தைக் கட்டு. நொண்டுமாங்க என்று ஒரு வார்த்தை மட்டும் வாய்விட்டுக் கேட்டார். இந்த மாடு சென்மத்துக்கும் நொண்டாதுங்க என்றார் சென்னியப்பன். பொய்யே இல்லை. ஆணி ஏறியும் நொண்டவில்லையாம். குளம்புக்குள் நாலு விரல் ஆணியோடு பத்து நாள் வண்டி இழுத்ததாம், அழுகி நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்ததாம். மறுவருசம் அந்த மனுசன் சந்தையில் பார்த்துச் சொன்னார், சண்டை போடவில்லை, வலிச்சிருந்தாச் சொல்லியிருக்குமுங்க பாவம் என்றார். சண்டை போடாத ஆட்களாகவே ஏன் இவர் வழியில் வருகிறார்கள்? அன்றைக்குக் காளையை நிறுத்திய வைக்கோல் மாதிரிதான் இன்றைக்கு இந்த இருக்கை, இந்த மெத்தை. தன்னையே துளசிமணிக்கு விற்றுக்கொண்டிருக்கிறோமா? அவள் பல்லையும் பார்த்தாள், சுழியையும் பார்த்தாள், முப்பத்தெட்டு வருசம் பார்த்தாள். குளம்பை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் துண்டுக்கடி பாசையை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார், விசேச வீடுகளில் கும்பலுக்கு நடுவே அவள் கையை மூடி, ஒரு விரல் அமுக்கினால் சாப்பிடலாம், ரெண்டு விரல் அமுக்கினால் கிளம்பலாம். பொய்க்கு எத்தனை விரல் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. இருபதுக்கு இருபது. இருபதுக்கு இருபது தேறியவன் எதற்குப் பயப்பட வேண்டும்? மெதுவாகப் போகலாம். மூன்றாவது கியருக்கு மேல் போடாமல், கேட்டுக்கு நூறு அடி முன்னாலேயே குனிந்து காலைப் பார்த்துவிட்டு. குனிந்த நேரத்தில் ஒருத்தி குறுக்கே வந்தால்?

டங்கென்ற சத்தம் நின்றிருந்தது. நின்று வெகுநேரம் ஆகியிருக்கலாம். "முடிஞ்சுதுங்ணா! வந்து பாத்துக்குங்க" என்று பின்கதவருகே மணிவேல் கூவினான். சென்னியப்பன் இருக்கையைப் பிடித்து எழுந்து, வெட்டித் திறந்த நடுத்தடுப்பு வழியே உள்ளே நுழைந்தார். நுழைந்ததும் கண்ணில் பட்டது. அடுப்புக்குப் பக்கத்திலிருந்து முன்பக்கம் வரைக்கும், அந்த அரிசித்தண்ணி நிறத் தரையில், சிவப்பு. இழுத்தும் அப்பியும் எட்டுப் பத்து இடத்தில் சிவப்பு. அவருக்குள் அவ்வளவு நேரம் குமைந்தது மொத்தமும் வழி கண்டு வாய்க்கு வந்தது. "டேய் மணிவேலு! உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது? புதுத் தரையிலே எவன்டா பெயின்ட்டைக் கொட்டுனது? பக்கத்து பஸ்ஸுக்கு அடிக்கறவன் என்ற வூட்டுக்குள்ள எதுக்கு வந்தான்? ஒரு பொம்பள ஆசையா எடுத்த விரிப்புடா இது, இதுக்கு நீ கூலியக் கொறைச்சே ஆகோணும், பாதிக்கு மேல குடுக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்!" கத்திக்கொண்டே அவர் முன்னால் நடந்தார், மணிவேல் வாயைத் திறந்து மூடினான், அவன் பார்வை தரையில் இருந்தது, பின்னால் நகர்ந்து நகர்ந்து அவருடைய காலுக்கு வந்தது. துளசிமணி மிதியடியில் காலைத் தேய்த்துவிட்டு ஏறினாள். குந்தி உட்கார்ந்து ஒரு சிவப்பை விரலால் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். "ஏனுங்க, காலைத் தூக்குங்க" என்றாள். அவர் இடது காலைத் தூக்கினார். "அதில்லீங்க" என்றாள் மெதுவாக. கட்டிலில் உட்காரவைத்து வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்தாள். பாதத்தின் நடுவில், இரும்பில் துளை போடும்போது சுருண்டு விழுமே, அந்தச் சுருள், கட்டைவிரல் நீளம், பாதிக்குமேல் உள்ளே போயிருந்தது. அவள் அதை நகத்தால் பிடித்து இழுத்தாள். இழுப்பதைச் சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய காலிலிருந்தோ இழுக்கிற மாதிரி. "வலிக்குதுங்களா?" இல்லே என்று சொல்ல வாய் வந்தது. சந்தையில் ஆயிரம் தடவை சொன்ன இல்லே. அது இப்போது வெளியே வந்தால் என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிடும். வலிக்குது என்றாலும் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் விரலில் இருந்த சுருளையே பார்த்தார். வெளியே நின்ற மணிவேல், முகம் வெளுத்துப்போய், "மன்னிச்சுக்குங்ணா. அடுப்புக்கு ஓட்டை போட்ட சுருளுங்ணா அது, கூட்டோணும்னுதான் இருந்தேன், பாக்கலீங்ணா" என்றான்.

மன்னிச்சுக்குங்ணா. பாக்கலீங்ணா. அதே வார்த்தை, அதே வரிசையில். துளசிமணி காயத்தில் மஞ்சள்பொடியை வைத்து அமுக்கி, முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, சிவப்பை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி, குந்தியவாக்கிலேயே நகர்ந்து முன்பக்கம் போனாள். துடைக்கத் துடைக்க அவை பெயின்ட் கறையாக இல்லாமல் பாதமாகத் தெரிந்தன, ஐந்து விரலும் பதிந்து, யாரோ நிம்மதியாக நடந்துபோன பாதம். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், மிதிகள் பக்கம் தலையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கை நகரவில்லை. "ஏனுங்க" என்றாள், திரும்பாமலே. "பிரேக்கைத்தான பழகிட்டிருந்தேன்னீங்க?" ஆமா என்றார். "பிரேக்கு எதுங்க? நடுவுல இருக்கறதுங்களா, கோடியில இருக்கறதுங்களா?" அவளுக்குத் தெரியாது. அவள் வண்டி ஓட்டியதில்லை, அவள் கொக்கி போடவில்லை, தெரியாமல்தான் கேட்கிறாள், இல்லை, தெரிந்துதானோ. அவர் கட்டுப்போட்ட காலை ஊன்றி எழுந்து போய், அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். காலையிலிருந்து குனிந்து பார்க்காமல் தவிர்த்த இடம். நடு மிதி கருகருவென்று, மணிவேல் மாட்டிய புது ரப்பரோடு, தூசிகூடக் கலையாமல் இருந்தது. கோடி மிதி, ஆக்சிலேட்டர், முழுக்கச் சிவப்பு. இருபதும் அங்கேதான் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, கட்டிகட்டியாக, ஓரத்தில் காய்ந்து நடுவில் இன்னும் பளபளத்துக்கொண்டு. வெண்ணெய் மாதிரி இருந்ததே. கண்ணுக்குள் பால்கேன் வந்தது, ஈர முதுகு வந்தது, அது திரும்பியது, துளசிமணியின் முகம், எதிரே கேட்டின் இரும்புக் கம்பி, இவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கையாக அமுக்குகிறார், அமுக்குகிறார், வண்டி உறுமுகிறது. வாய் முந்திக்கொண்டு எதையாவது திட்டும் என்று காத்திருந்தார். யாரையும் திட்ட வரவில்லை. "நடுவுல இருக்கறது புள்ளே" என்றார். அவள் கோடி மிதியை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாள், துணியை மடித்து இன்னொரு தடவை துடைத்தாள், பிறகு எழுந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

வெளியே மணிவேல் இன்னும் நின்றுகொண்டிருந்தான், என்ன சொல்வார்களோ என்று. அவன் முன்னால் சொல்ல முடியாது. யார் முன்னாலும் முடியாது. சென்னியப்பன் இடுப்புத் துண்டை உருவி, முடிச்சை அவிழ்த்து, அவள் கையின்மேல் போட்டார். துண்டுக்குள் கையை விட்டுச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினார். அவள் கை சில்லென்று இருந்தது. சாவியை வாங்கிக்கொண்ட கை அவர் கையை விடவில்லை. துண்டுக்கு வெளியே அவள், எப்போதும் போல உரக்க, "மணிவேலு, அண்ணனுக்குக் காலுல காயமாயிப்போச்சு, நீங்களே வண்டிய ஓட்டியாந்து வூட்டுல வுட்டுருங்க, சோறு தின்னுட்டு பஸ் ஏறிக்கலாம்" என்றாள். "ஆச்சுங்க்கா, தாராளமாங்க்கா" என்று அவன் கைகழுவ ஓடினான். "அந்த வயலு எங்கயும் போயிராது" என்று இவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். போயிராது. நட்டதை அறுப்பார்கள், மறுபடி நடுவார்கள். இந்தக் கால்தான் போகிறது, இன்றைக்குப் பாதம், நாளைக்கு எதுவரை? துண்டுக்கடியில் அவள் விரல்கள் அவர் கையைத் தேடி அமுக்கின. ரெண்டு விரல். கிளம்பலாம். ரெண்டுதான், தெரிந்தது, கையில் உயிர் இருக்கிறது. ரெண்டுதானா? டாக்டரின் மூச்சைக் கேட்டு ம்ம் சொன்னது மாதிரி, அவள் கிளம்பச் சொல்வாள் என்று தெரிந்ததால் ரெண்டு என்று தெரிந்ததா? சென்னியப்பன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடினார்.

"இன்னொருக்கா அமுக்கு புள்ளே" என்றார்.